பதினாறு கிலோவில் யாரும் இல்லை

தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தரவு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கும் தேவை எனக்கு வந்ததில்லை. லயத்து வீடுகள் பலவற்றில் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் பொடி எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும்: காலை நிறுவை, பகல் நிறுவை, பின்னேர நிறுவை. அம்மா கொழுந்து மடுவத்திலிருந்து வந்து சொல்ல, படிக்கிற பிள்ளை எழுதியவை அவை. மாதம் முடிந்து சம்பளச் சிட்டு கைக்கு வந்ததும் கட்டங்களைக் கூட்டிப் பார்த்து, சிட்டில் உள்ள கிலோவோடு சரிபார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் மறுநாள் காலை ஆட்கள் கூடும் பிரட்டில் கணக்கப்பிள்ளையோடு பேச்சு நடக்கும். எண்களைச் சேகரிப்பது, நாள்வாரியாக அடுக்குவது, கூட்டுவது, வேறொரு கணக்கோடு ஒப்பிடுவது என்று புள்ளிவிபரவியல் புத்தகத்தின் முதல் அத்தியாயம் முழுவதும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

ஆனால் அந்தக் கலண்டரில் ஒரு வீட்டின் எண்கள் மட்டுமே இருக்கும். அன்றைக்கு மலையில் நின்ற எல்லாருடைய எண்களையும் ஒரே பார்வையில் பார்க்கக் கிடைப்பது கணக்கப்பிள்ளையின் கொப்பியைப் புரட்டுகிறவருக்கும் ஒபீசில் செக்ரோல் எழுதுகிறவருக்கும்தான். அவர்களுக்கும் அதை நின்று பார்க்க நேரம் கிடையாது. பேர் போட்டு, கூட்டி, கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. ஆக, தோட்டத்தில் எண்கள் நிறைய எழுதப்படுகின்றன, அவற்றின் வடிவத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்தவன். பலாங்கொடைப் பக்கத்தில் தொடங்கி, பெல்மதுளைக்கு மாறி, பிறகு நெடுங்காலம் யட்டியாந்தோட்டைப் பக்கம். சாதாரண தர வினாத்தாளில் புள்ளிவிபரக் கேள்வி எப்படி வரும் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். வகுப்பாயிடைகளோடு ஓர் அட்டவணை கொடுத்திருப்பார்கள். நடுப்பெறுமானம் எழுதி, மீடிறனால் பெருக்கி, கூட்டி, வகுத்து இடையைக் காண வேண்டும். பிறகு வலையுருவரையமோ திரள் மீடிறன் வளையியோ வரைய வேண்டும். கணிதத்தில் தட்டுத்தடுமாறும் பிள்ளைகூட இந்தக் கேள்வியில் புள்ளி எடுத்துவிடும். ‘இடை 18.5’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டவனிடம், “சரி, அதனால் என்ன தெரியுது?” என்று கேட்டுப் பாருங்கள். “விடை தெரியுது சேர்” என்பான்.

அதனால் நான் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். முதலில் படம், கடைசியில் இடை. படத்தைப் பார்த்துப் பேசி முடிக்கும்வரை வகுப்பில் யாரும் சராசரி என்ற சொல்லை எடுக்கக் கூடாது.

இதற்கென்று கரும்பலகையில் எழுத இருபது எண்கள் வைத்திருக்கிறேன். எந்தத் தோட்டத்தின் கொப்பியிலிருந்தும் எடுத்தவை அல்ல, பாடத்துக்காக நானே கட்டியவை. ஆனால் மடுவத்தில் நிற்கிற எவருக்கும் பழக்கமான எண்களாகவே தெரியும். இருபது பெண்கள், ஒரு நாள், நோம்ஸ், அதாவது ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து, 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இப்படி வரும்: 8, 9, 11, 12, 13, 14, 18, 18, 18, 18, 19, 19, 19, 20, 20, 21, 22, 26, 31, 34.

முதலில் தண்டு இலை வரைபு. இதைச் சின்ன வகுப்புப் பாடம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என் கணக்கில் இவ்வளவு உபயோகமான படம் வேறில்லை. ஜோன் டூக்கி என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் 1977இல் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவியது அது. பத்துகளை இடப்பக்கம் தண்டாக எழுதி, ஒன்றுகளை வலப்பக்கம் இலையாக அடுக்கினால் போதும். பூச்சியத் தண்டில் 8, 9. ஒன்றாம் தண்டில் 1, 2, 3, 4, அப்புறம் நாலு எட்டு, மூன்று ஒன்பது. இரண்டாம் தண்டில் 0, 0, 1, 2, 6. மூன்றில் 1, 4. ஓர் எண்கூடத் தொலைவதில்லை, அதே நேரம் வடிவமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எழுதி முடித்துவிட்டுச் சும்மா நிற்பேன். பின்வாங்கில் இருந்து யாராவது ஆரம்பிப்பார்கள். “சேர், பதினாலுக்கு அப்புறம் பதினெட்டு. நடுவுல ஒருத்தருமே இல்ல.”

ஏன் என்று நான் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியும். நாலு மணிக்குப் பதினைந்து கிலோ வைத்திருக்கிறவர் வீட்டுக்கு வர மாட்டார். இன்னும் மூன்று கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். இன்னொரு நிரையில் கை வைப்பார், இல்லாவிட்டால் பக்கத்து நிரைக்காரரிடம் கேட்பார். “எங்க அம்மா சித்திக்கு ரெண்டு கிலோ குடுப்பாங்க சேர்” என்று ஒரு பிள்ளை சொல்லும். “காய்ச்சலோட போன அன்னைக்கு மாமிதான் நெரப்பிவிட்டாங்க” என்று இன்னொன்று. பன்னிரண்டு கிலோவில் நிற்கிறவரோ இனி எப்படியும் எட்டாது என்று தெரிந்து கையை மெதுவாக்கிவிடுவார். ஆகவே 15, 16, 17 காலியாகி, அந்த ஆட்களெல்லாம் 18இலும் 19இலும் வந்து குவிகிறார்கள். கைவேகம் மட்டும் காரணமாக இருந்தால் அந்த இடத்தில் இப்படி ஒரு வெற்றிடம் வராது. 18 என்று ஒபீசில் ஒருவர் வைத்த கோடுதான் மலையில் நிற்கிறவர்களின் பரம்பலை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

இங்கே ஒரு வேலை கொடுப்பேன். அதே இருபது எண்களுக்கு இரண்டு வலையுருவரையங்கள். முன்வரிசைக்காரர்கள் 6–10, 11–15, 16–20 என்று ஐந்து ஐந்தாகப் பிரிக்க வேண்டும். பின்வரிசைக்காரர்கள் 6–8, 9–11, 12–14 என்று மூன்று மூன்றாக. முன்வரிசையின் மீடிறன்கள் 2, 4, 9, 2, 1, 2. அழகாக ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கும் ஒரு மேடு, புத்தகத்தில் போட்டிருக்கும் படம் மாதிரியே இருக்கும். பின்வரிசைக்கு 1, 2, 3, 0, 9, 2, 1, 0, 1, 1. நடுவில் ஒரு பள்ளம், அதை ஒட்டி ஒரு சுவர். இரண்டு டிமைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு எது சரி என்று கேட்பேன். கணக்கு இரண்டிலும் சரி. ஐந்தாகப் பிரித்த படத்தில் 15 ஒரு வகுப்புக்குள்ளும், 16உம் 17உம் அடுத்த வகுப்புக்குள்ளும் புகுந்துகொண்டதால் பள்ளம் மறைந்துபோயிற்று. வினாத்தாளில் வகுப்பாயிடையை யாரோ தீர்மானித்துத் தருகிறார்கள், பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்பதில்லை. பெரியவர்களும் அப்படித்தான். அறிக்கைகளில் வரும் படங்களைப் பார்க்கும்போது, இந்தக் கோடுகளை யார், எந்த இடத்தில் வெட்டினார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

இதற்குப் பிறகே இடை. கூட்டினால் 370, இருபதால் வகுத்தால் 18.5. இடையம் பத்தாவது, பதினோராவது எண்களுக்கு நடுவில் இருக்கிறது. அவை 18உம் 19உம், ஆகவே அதுவும் 18.5. இந்த எண்களைக் கட்டும்போது இரண்டும் ஒன்றாக வரவேண்டும் என்று வேண்டுமென்றே பார்த்துக்கொண்டேன். இடையும் இடையமும் ஒத்திருந்தால் பரம்பல் சமச்சீரானது என்று எங்கோ ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் படித்த பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுத் தண்டு இலை வரைபைக் காட்டச் சொல்வேன். கீழ்க் காலணை 13.25, மேல் காலணை 20.75, காலணையிடை வீச்சு 7.5. எல்லாம் பிழையில்லாத எண்கள். ஆனால் இந்த நாலு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு பதினாறு கிலோவில் யாரும் இல்லை என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒருமுறை ஒரு மாணவன் வேறு பக்கமாக வந்தான். நோம்ஸை விட்டுவிடுங்கள், ஒரே மலையில் ஒரே நாளில் நின்ற இரண்டு பேருக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டான். வகுப்பே பதில் சொல்லிற்று: ஒரு நிரை கான் ஓரமாக இருக்கும், ஒரு நிரையில் கல், ஒன்றில் வங்கி ஏறி வளர்ச்சி நின்ற செடி, ஒன்று போன வருஷம் கவ்வாத்து வெட்டியது. எந்த நிரை யாருக்கு என்பதைக் கங்காணி தீர்மானிப்பார். இதைக் கேட்டதும் எனக்குத் தோமஸ் ஈடன் நினைவுக்கு வந்தார். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். ஏ. ஃபிஷரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர், பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஆய்வு இந்தப் பையனின் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது: தேயிலைத் துண்டங்களின் விளைச்சல் தன்னால் எவ்வளவு ஏறி இறங்குகிறது, அது தெரியாமல் உரத்தின் பலனை எப்படி அளப்பது? ஃபிஷருடைய எட்டுக் கோப்பைத் தேநீர்ச் சோதனையை உலகம் முழுவதும் வகுப்பில் சொல்கிறார்கள். பாலை முதலில் ஊற்றியதா, தேநீரை முதலில் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்ல முடியும் என ஒரு பெண்மணி சொன்ன கதை அது, 1935இல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது. கோப்பைக்கு முந்திய தேயிலைச் செடியிலும் ஃபிஷருடைய கூட்டாளி ஒருவர் எங்கள் நாட்டு மலையில் நின்று வேலை செய்திருக்கிறார் என்பதை எங்கள் பிள்ளைகளாவது தெரிந்துகொள்ளட்டும். அந்த நிறுவனத்தின் தாழ்நிலத் தேயிலைக்கான நிலையம் இரத்தினபுரிக்குப் பக்கத்தில் ஹிதெல்லனையில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள்.

கோடு எங்கே போடப்படுகிறதோ அங்கே ஆட்கள் குவிவார்கள் என்பது பிடிபட்டால் சம்பளப் பேச்சும் விளங்கத் தொடங்கும். 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தை உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுவேன். நாட்சம்பளம் 730 ரூபாய் என்று மேடையில் பேசினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். அதில் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. வருகைப் பணம் வேண்டுமானால் கொடுத்த வேலைநாளில் 75 வீதமாவது வந்திருக்க வேண்டும். உற்பத்திப் பணம் வேண்டுமானால் நோம்ஸ் எடுக்க வேண்டும். அப்படியென்றால் 730 என்பது பரம்பலின் எந்த இடம்? நோம்ஸுக்கு மேலான கிலோக்களை ஒதுக்கிவைத்தால் அதுதான் மேல் எல்லை. ஊரெல்லாம் அதைச் சராசரி மாதிரிப் பேசிற்று. நோம்ஸும் எட்டாமல், வருகையும் குறைந்த ஒருவருக்கு 530. ஒரே வேலைக்கு 530, 590, 670, 730 என்று நாலு குவியல்கள் வரும். இடையைக் கேட்டால் அது எந்தக் குவியலிலும் இல்லாத ஓர் எண்ணாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

வருகைக்கும் அப்போது இதே கதைதான். மாதம் 24 நாள் வேலை கொடுத்தால் 75 வீதம் என்பது 18 நாள். பதினேழாம் நாளில் நிற்கிறவர் இடுப்பு வலியோடு பதினெட்டாம் நாளுக்குப் போவார், ஏனென்றால் அந்த ஒரு நாளை விட்டால் மாதம் முழுவதற்குமான வருகைப் பணம் போய்விடும். 2019 ஜனவரியில் வந்த ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கி, வருகைப் பணத்தையும் உற்பத்திப் பணத்தையும் எடுத்துவிட்டு, விலைப் பங்காக 50ஐ வைத்தது. கூடினது இருபதே ரூபாய் என்று அன்றைக்கு ஆத்திரப்பட்டார்கள், அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் புள்ளிவிபர வாத்தியாராக நான் இன்னொன்றையும் கவனித்தேன். மேல் எல்லை 730இலிருந்து 750 ஆகிற்று, கீழ் எல்லை 530இலிருந்து 750 ஆகிற்று. வீச்சு 200இலிருந்து பூச்சியம். நோம்ஸும் வருகையும் எட்டாதவர்களுக்கு, வயது போனவர்களுக்கு, கைக்குழந்தைக்காரிகளுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இருபது என்ற ஒற்றை எண் சொல்லவே இல்லை. அதே நேரம் நோம்ஸைக் காட்டி அரைப் பேர் போடும் வழக்கம் எத்தனையோ இடங்களில் தொடர்ந்தது. ஆகவே காகிதத்தில் இருந்த வீச்சு ஒன்று, சிட்டில் இருந்த வீச்சு இன்னொன்று.

மழைக்கு வருகிறேன். இரத்தினபுரியில் படிப்பிக்கிறவர் மழையைத் தொடாமல் புள்ளிவிபரம் நடத்தினால் அது வீண். வருடத்துக்குச் சுமார் 3,700 மில்லிமீற்றர் விழும் இடம். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 310. ஜனவரியும் பெப்ரவரியும் அதில் பாதியைக்கூடத் தொடாது. மேயும் ஒக்டோபரும் அதை மிகவும் தாண்டிப் போகும். சலாகை வரைபு கீறினால் இரண்டு திமிலும் நடுவில் ஒரு பள்ளமும் தெரியும். இந்த 310ஐ நம்பி எவரும் ஒரு துணியைக்கூடக் காயப்போட முடியாது.

தோட்டங்களில் மழைமானி வைத்துக் காலையில் அளந்து எழுதும் வழக்கம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்த ஒரே பதிவேட்டை வைத்து நான் வகுப்பை மூன்று கட்சியாகப் பிரிப்பேன். ஒரு கட்சி ரப்பர் மலைக்காரர்கள், கேகாலைப் பக்கப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும். விடியற்காலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய பேரும் சந்தேகம். அவர்களுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்பது கவலையில்லை, இந்த மாதம் எத்தனை காலைகள் நனைந்தன என்ற எண்ணிக்கைதான் வேண்டும். இரண்டாவது கட்சி தேயிலைக்காரர்கள். அவர்கள் மழையில்லாமல் தொடர்ந்து போன நாட்களில் மிக நீளமானதைத் தேடுவார்கள், கொழுந்து நின்றுபோவது அதனால். மூன்றாவது கட்சி மலைச்சரிவில் லயம் உள்ளவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஓர் எண், இருபத்துநாலு மணித்தியாலத்தில் விழுந்த அதிகபட்சம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இந்த அதிகபட்சத்தின் மேல்தான் நிற்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற வேண்டும். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசரக் குன்று சரிந்தது. அந்த நாட்களிலேயே புளத்கொஹுபிட்டியவில் களுபஹனைத் தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போயிற்று. அடுத்த வருடம் மே கடைசியில் குக்குலே கங்கைப் பக்கம் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரைத் தாண்டிக் கொட்டிற்று. வழிகாட்டிப் புத்தகங்களில், மற்றவற்றிலிருந்து மிக விலகிய பெறுமானத்தை நீக்கிவிட்டுக் கணிக்கலாம் என்று ஒரு வரி எழுதி விட்டுவிடுகிறார்கள். அந்த வரியை எங்கள் மாகாணத்துப் பிள்ளைக்கு அப்படியே படிப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. மழைப் பதிவேட்டை எழுதியவர் 50.3ஐ 503 என்று எழுதியிருந்தால் நீக்கு. உண்மையாகவே 503 பெய்திருந்தால், அந்த வருடத்தின் மற்ற 364 எண்களையும் விட அது முக்கியமானது. இரண்டில் எது என்று அறிய, பதிவேட்டை மூடிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்து மழைமானியைப் பார்க்க வேண்டும், ஆற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு பதிவேட்டுக்கு மூன்று சுருக்கங்கள். எது சரியான சுருக்கம் என்ற கேள்விக்கு எண்களுக்குள் விடை கிடையாது. கேட்கிறவர் எந்த மலையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இடைக்கும் இடையத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இலங்கையிலேயே நல்ல எண்கள் இருக்கின்றன. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய குடும்ப வருமான, செலவு ஆய்வின்படி நாட்டில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபாய், இடையம் 53,333 ரூபாய். சராசரிக் குடும்பம் 76 ஆயிரம் உழைக்கிறது என்று ஒருவர் பேசும்போது, பாதிக் குடும்பங்கள் 53 ஆயிரத்தைத் தாண்டவில்லை என்பதைப் பக்கத்திலேயே வைத்தால்தான் படம் முழுமையாகும். மேலே சில குடும்பங்களின் பெரிய வருமானம் இடையைத் தூக்கிவிடுகிறது. இடையம் அசைவதில்லை.

அதே ஆய்வு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தோட்டத்துறையின் இடை 46,865. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தவர்கள் நகரத்தில் 6.0 வீதம், கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. இந்த மூன்று சலாகைகளைக் கீறும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஆனால் நான் அங்கே நிறுத்துவதில்லை. தோட்டம் என்று திணைக்களம் எதைக் கணக்கெடுக்கிறது? 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், பத்துப் பேராவது தங்கி வேலை செய்யும் தொழிலாளரும் இருந்தால் தோட்டம். அந்தத் துறையில் மிகப் பெரும் பங்கு நுவரெலியா மாவட்டத்தினுடையது. எங்கள் தாழ்நிலத் தோட்டங்கள் வேறு மாதிரி: சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், பக்கத்தில் சிறு தேயிலைத் தோட்டக்காரர்கள், பாதித் தேயிலை, பாதி ரப்பர், ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் காணியில் கைக்காசு வேலை, இரத்தினபுரிப் பக்கம் என்றால் மாணிக்கக் குழியிலும் ஒரு கை. தோட்டத்துறையின் இடை என்று அச்சாகும் எண்ணில் நாங்களும் இருக்கிறோம், ஆனால் அதன் வடிவம் நுவரெலியாவினுடையது. எங்கள் வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் எண்களைத் தனியாக அடுக்க வேண்டும். அப்படி அடுக்கப் போனால் மாதிரியில் எங்கள் வீடுகள் கொஞ்சம்தான் அகப்படும். அந்தக் கொஞ்ச வீடுகளை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பது உயர்தரப் பாடம், அதை அங்கேயே விட்டுவிடுவேன்.

வட்ட வரைபைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலைக்கு வரும் சுவரொட்டிகள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது, அதுவும் கேக் துண்டு மாதிரித் தடிப்புக் காட்டி, ஏழெட்டு நிறத்தில். 22 வீதமும் 26 வீதமும் கோணத்தில் பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும், சலாகையில் உடனே பிரிந்துவிடும். சோதனைக்காகப் பாகைமானி பிடித்துப் படிப்பிக்கிறேன், என் சொந்த வேலைக்கு அதை நான் எடுத்ததில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. இதைப் பதினோராம் தரத்துக்கு மட்டும் கொடுப்பேன். மடுவத்தில் ஒரு நிறுவை 6.4 கிலோ காட்டுகிறது, கொப்பியில் 6 ஏறுகிறது. அடுத்தவருக்கு 7.8, கொப்பியில் 7. சாக்குக்கும் தண்ணிக்கும் கழிவு போவது தனி, இது அதற்கு அப்பால். தசமத்துக்குப் பின்னால் உள்ளதை ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டால் சராசரியாக எவ்வளவு போகும்? தசமப் பகுதி பூச்சியத்திலிருந்து ஒன்று வரைக்கும் எங்கும் சமமாக விழக்கூடியது என்று வைத்தால், நிறுவைக்கு அரைக் கிலோ. நாளைக்கு மூன்று நிறுவை, ஒன்றரைக் கிலோ. மாதம் 24 நாள் என்றால் 36 கிலோ. நோம்ஸ் 18 என்றால் அது சரியாக இரண்டு நாள் கொழுந்து. மாறாக, 6.4ஐ 6 என்றும் 7.8ஐ 8 என்றும் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றினால், ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், மாத முடிவில் ஏறக்குறைய பூச்சியத்துக்கு வந்து நிற்கும். இரண்டு முறையிலும் கொப்பியில் தசமம் கிடையாது, பார்க்க இரண்டு கொப்பியும் ஒன்று போலவே இருக்கும்.

எப்படி வித்தியாசம் பிடிப்பது என்று கேட்டால், வீட்டுக் கலண்டர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பாதி சரி. அம்மா முள்ளைப் பார்த்துச் சொன்னதை எழுதியிருந்தால் மட்டும்தான் அது உதவும். கணக்கப்பிள்ளை வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியிருந்தால் சுவரும் கொப்பியும் கிலோவுக்குக் கிலோ ஒத்துப்போகும், இரண்டிலும் ஒரே குறை இருக்கும். இப்போது சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்து, தசமத்தோடு துண்டும் அச்சடித்துத் தருகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் எண்களில் 6.4உம் 7.8உம் இருக்கின்றன. அவர்களுக்குக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்: கழிவு தராசுக்குள்ளேயே கழிந்துவிட்டு இந்த எண் வருகிறதா, இல்லை இதற்குப் பிறகு ஒபீசில் கழிகிறதா? ஒரு மாதத் துண்டுகளைக் கூட்டி, சம்பளச் சிட்டுக்குப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை நாள்வாரியாகப் புள்ளி போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மழை நாட்களுக்கு வேறு நிறப் பேனை.